கடையின் வேலை வீட்டிற்கு வந்த வரலாறு

அமெரிக்கக் குடும்பஸ்தர்கள் அன்றாடப் பலசரக்கு வாங்கப் போகும் இடங்களுள் இன்று ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்பவை இரண்டு: பேட்டைக்கு ஒன்றாக அமைந்து, ஏறத்தாழ 30,000 விதமான சாமான்களைச் சிறு பொட்டலங்களிலும் புட்டிகளிலும் அடுக்கி வைத்திருக்கும் சூப்பர் மார்க்கெட் ஒன்று, ஊருக்குச் சற்று ஒதுக்குப்புறத்தில், அலங்காரம் ஏதுமற்ற பெருங்கொட்டகைக்குள், 4,000 விதங்களுக்கு மேற்படாத சரக்கை மூட்டையாகவும் பெட்டியாகவும் சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் கிட்டங்கிக் கடை மற்றொன்று. இவற்றுள் எது மலிவு என்னும் கேள்விக்கு, இரு இடத்து விலைச்சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து விடை சொல்வதே வழக்கமாக இருந்துவருகிறது. அவ்வாறு பார்ப்பதில் பிழையில்லை. ஆயினும் கணக்கில் பாதிதான் அதில் தெரியும். ஒரு சாமான் விளைந்த இடத்திலிருந்து அடுப்பங்கரைக்கு வந்து சேருமுன் அதை ஏற்றி இறக்கவும், சேமித்துக் காக்கவும், சிப்பம் பிரித்துச் சிறு பொட்டலமாக்கவும், அதில் முடங்கும் மூலதனத்தைச் சுமக்கவும் யாராவது ஒருவர் இருந்தே தீர வேண்டும். சென்ற நூற்றாண்டின் ஆரம்பந்தொட்டு இவ்வேலைகள் ஒவ்வொன்றாகக் கடைக்காரர் பொறுப்பிலிருந்து வாங்குபவர் பொறுப்புக்கு நகர்ந்து வந்திருக்கின்றன என்பதும், கிட்டங்கிக் கடையில் கிடைக்கும் மலிவு அந்த நகர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் குடும்பத்துக்குச் சேரும் கூலியே என்பதும் இக்கட்டுரையில் நிறுவ முயலும் கருத்து.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பலசரக்குக் கடை நம் நாட்டு மளிகைக் கடையினின்றும் அதிகம் வேறுபட்டதன்று. வாங்க வந்தவர் மேடைக்கு இப்பால் நிற்பார்; சிப்பந்தி அப்பால் நின்று கேட்டதை எடுத்து, நிறுத்து, கட்டிக் கொடுப்பார்; தொகை பேரேட்டில் பற்று எழுதப்படும்; சாமான் பெரும்பாலும் கடைப் பையனால் வீட்டுக்கே வந்துவிடும். ஏ அண்ட் பி என்ற சங்கிலிக் கடை நிறுவனம் 1912-இல் கடனையும் வீட்டுக்கு அனுப்பும் சேவையையும் நீக்கிய சிக்கனக் கடைகளை நிறுவியபோது, வசூலிக்கும் பாரமும் சுமந்து செல்லும் பாரமும் முதன்முறையாகப் பெரிய அளவில் இடம் மாறின. நான்கு ஆண்டுகள் கழித்து, 1916 செப்டம்பரில், டென்னஸி மாகாணத்து மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்னும் விசித்திரமான பெயருடன் திறந்த கடையில் மேடையே இல்லை. சுழல்கதவு வழியாக உள்ளே நுழைந்தவர் கையில் கூடையுடன் ஒரே வழியாக எல்லாச் சாமான்களையும் கடந்து, விலை எழுதி வைத்திருந்தவற்றைத் தாமே எடுத்துக்கொண்டு, வெளிவாசலில் ரொக்கம் கொடுத்துச் செல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு அவர் 1917-இல் காப்புரிமையும் பெற்றார். 1923-இல் பங்குச் சந்தைச் சூதாட்டத்தில் கடையை இழந்தார் எனினும், அவர் காட்டிய வழியை வியாபார உலகம் இழக்கவில்லை.

அதன் அடுத்த கட்டத்தை ஒரு கடிதத்தில் காணலாம். க்ரோகர் என்ற பெரிய சங்கிலி நிறுவனத்தில் இல்லினாய் மாகாணத்தில் உத்தியோகம் பார்த்துவந்த மைக்கேல் கல்லன், தம் மேலதிகாரிகளுக்கு ஒரு திட்டம் எழுதியனுப்பினார். வாடகை குறைந்த இடத்தில் மிகப் பெரிய கடை ஒன்று வைத்து, 300 சாமான்களை அசல் விலைக்கே விற்க வேண்டும். 200 சாமான்களை அசலுக்கு மேல் 5 சதவீதம் வைத்தும், 300-ஐ 15 சதவீதம் வைத்தும், இன்னும் 300-ஐ 20 சதவீதம் வைத்தும் விற்க வேண்டும் என்பது அதன் சாரம். நிறுவனம் செவிசாய்க்கவில்லை. கல்லன் வேலையை விட்டுவிட்டு நியூயார்க் வந்து, குவீன்ஸ் பகுதியில் காலியாகக் கிடந்த ஒரு மோட்டார்க் கொட்டகையில் 1930 ஆகஸ்டில் 'கிங் கல்லன்' கடையைத் திறந்தார். பொருளாதார மந்தத்தால் ஒவ்வொரு சல்லியையும் எண்ணிச் செலவிட்ட ஜனங்கள் பல மைல் தூரத்திலிருந்து மோட்டாரில் வந்து வாங்கிப் போயினர். சாண்டர்ஸின் சுழல்கதவைப் பாராட்டுகிற சரித்திர நூல்கள் கல்லனின் இந்த லாப அட்டவணைக்குப் போதிய இடம் தருவதில்லை என்பது என் அபிப்பிராயம். சில சாமான்களை லாபமின்றி விற்று ஆளை இழுத்து, மற்றவற்றில் அதை மீட்டுக்கொள்ளும் இந்த முறைதான் இன்றும் சூப்பர் மார்க்கெட்டின் உயிர்நாடி. இதையும் கிட்டங்கிக் கடையின் முறையையும் பிரிக்கும் எல்லைக்கோடு இந்த அட்டவணையில்தான் விழுகிறது.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைவாகவே கடந்துவிடலாம். 1937-இல் ஓக்லஹோமா நகரத்துக் கடைக்காரர் சில்வன் கோல்ட்மன் மடக்கு நாற்காலியின் அமைப்பைப் பார்த்துச் சக்கரம் வைத்த தள்ளுவண்டியைச் செய்தார். முதலில் அதைத் தொடக் கூச்சப்பட்ட ஜனங்களுக்கு வழிகாட்ட, ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் நடமாடச் செய்தாராம். மோட்டார் வண்டியும் குளிர்சாதனப் பெட்டியும் நடுத்தர வீடுகளில் பரவியதும், தினந்தோறும் கடைக்குப் போகும் பழக்கம் வாரம் ஒருமுறை போவதாகச் சுருங்கிற்று. 1974 ஜூன் 26-ஆம் தேதி ஒஹையோவின் ட்ராய் நகரத்தில் ஒரு மெல்லும் பசைக் கட்டின்மேல் பட்டைக் குறியீடு முதன்முறையாகப் படிக்கப்பட்ட பிறகு, எண்ணிறந்த விதங்களை ஒரே கூரையின் கீழ் வைத்துக் கணக்குப் பார்ப்பதும் எளிதாயிற்று.

கிட்டங்கிக் கடையின் மூலபுருஷர் என்று கூறத்தக்கவர் ஸால் பிரைஸ். பிக்லி விக்லி திறந்த அதே 1916-இல் நியூயார்க்கில் பிறந்து, கலிபோர்னியாவின் சான் டியாகோவில் வக்கீல் தொழில் பார்த்துவந்த இவர், 1954-இல் அந்நகரில் 'ஃபெட்மார்ட்' என்ற கடையைத் தொடங்கினார். சர்க்கார் ஊழியர்கள் 2 டாலர் செலுத்தி உறுப்பினராகி அங்கு வாங்கலாம். உற்பத்தியாளர் குறித்த விலைக்குக் குறைத்துச் சில்லறையில் விற்கலாகாது என்று தடுக்கும் சட்டங்கள் பல மாகாணங்களில் அமலிலிருந்த காலம் அது. 1937-இல் மத்திய சட்டசபை அவற்றுக்கு ஆதரவும் அளித்திருந்தது. உறுப்பினருக்கு மட்டும் விற்பது அந்தத் தடையைத் தாண்ட ஒரு வழியாயிற்று. 1975-இல் ஃபெட்மார்ட்டின் பெரும்பங்கு ஜெர்மானிய வியாபாரி ஒருவர் கைக்குப் போய், பிரைஸ் தாம் வளர்த்த கடையினின்று வெளியேற்றப்பட்டார். விலைக் கட்டுப்பாட்டுக்கு அளிக்கப்பட்டிருந்த அந்த ஆதரவு ரத்தாகி, ரத்து 1976 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி, சான் டியாகோவின் மொரீனா சாலையில், முன்னொரு காலத்தில் விமானத் தொழிலதிபர் ஹோவர்ட் ஹ்யூஸுக்குச் சொந்தமாயிருந்த விமானக் கொட்டகையில் 'பிரைஸ் கிளப்' திறக்கப்பட்டது.

அது தொடக்கத்தில் குடும்பங்களுக்கான கடையே அன்று. ஆண்டுக்கு 25 டாலர் சந்தா கட்டும் சிறு வியாபாரிகள், அதாவது உணவுவிடுதிக்காரர்களும் சின்னக் கடைக்காரர்களும், மொத்த வியாபாரியிடம் அலையாமல் ஒரே இடத்தில் கொள்முதல் செய்துகொள்ளட்டும் என்பதே பிரைஸின் எண்ணம். அவர்களை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாதென்பது முதலாண்டு நஷ்டத்தில் தெரிந்தது; சர்க்கார் ஊழியர்களுக்கும் கடன் சங்க உறுப்பினர்களுக்கும் கதவு திறந்துவிடப்பட்ட பின்னரே கணக்கு நிமிர்ந்தது. இவ்விதமாக, சிறு வியாபாரிக்கென்று கட்டிய சிப்பம் குடும்பத்தலைவியின் தள்ளுவண்டியில் ஏறிற்று. பாரந்தூக்கி வண்டி கொண்டுவந்து இறக்கிய மரப்பலகையின் மேலிருந்தே சரக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். தலைக்கு மேலுள்ள அடுக்குகளில் மிகுதி இருப்பு தெரியும். பை கிடையாது, வெற்று அட்டைப்பெட்டிகளில்தான் அடுக்கிக்கொண்டு போக வேண்டும். தக்காளிக் கூழில் ஐந்து அளவுகள் வைக்காமல் பெரிய டின் ஒன்றையே வைப்பதால், சிறிய டின் வேண்டுமென்பவர் வாங்காமல் போவார் என்பது பிரைஸுக்குத் தெரியாததன்று. அப்படி நழுவும் விற்பனையைப் புத்திசாலித்தனமான இழப்பு என்றே அவர் கருதினார். ஒரே அளவை வைப்பதால் குறையும் கூலியும் இடமும் அந்த இழப்பைவிட அதிகம் என்பது அவர் கணக்கு.

வழி தெரிந்தபின் பின்பற்றுபவர்க்குப் பஞ்சமில்லை. 1983 ஏப்ரலில் வால்மார்ட் நிறுவனர் ஸாம் வால்டன் ஓக்லஹோமாவில் 'ஸாம்ஸ் கிளப்'பைத் தொடங்கினார். பிரைஸிடமிருந்து எடுத்துக்கொண்டதை அவர் மறைக்கவுமில்லை. மாணவப் பருவத்திலேயே ஃபெட்மார்ட்டில் மெத்தை இறக்கும் வேலையில் சேர்ந்து பிரைஸிடம் தொழில் கற்ற ஜிம் சினிகல், ஜெஃப்ரி பிராட்மனுடன் கூடி அதே ஆண்டு செப்டம்பரில் சியாட்டிலில் 'காஸ்ட்கோ'வை நிறுவினார். 1993-இல் பிரைஸ் கிளப்பும் காஸ்ட்கோவும் ஒன்றாயின. எந்தச் சாமானுக்கும் அசலுக்கு மேல் 14 சதவீதத்துக்கும், தன் சொந்த முத்திரைச் சரக்குக்கு 15 சதவீதத்துக்கும் மிகாமல் விலை வைப்பது என்ற விரதத்தைக் காஸ்ட்கோ மேற்கொண்டது. கல்லனின் அட்டவணையில் சாமானுக்குச் சாமான் ஏறி இறங்கிய லாபம் இங்கே ஒரே வரம்புக்குள் அடங்கிவிட்டது. அங்ஙனமாயின் லாபம் எங்கிருந்து வருகிறது? பெரும் பங்கு சந்தாவிலிருந்து. 2024-ஆம் நிதியாண்டில் அந்நிறுவனத்தின் செயற்பாட்டு லாபம் ஏறத்தாழ 930 கோடி டாலர். சந்தா வரவு 480 கோடி டாலருக்குச் சற்று மேல். சரக்கு விரைவில் விற்றுப்போவதால், அனுப்பியவருக்குப் பணம் கொடுக்க வேண்டிய தவணை வருமுன்பே பலவற்றின் விலை கல்லாவில் சேர்ந்துவிடுகிறது. மூலதனத்தை முடக்கி இருப்பு வைக்கும் வேலை கடையை விட்டுக் கழன்றுவிட்டதென்றால், அது சேர்ந்த இடம் உறுப்பினரின் வீட்டு அலமாரிதான்.

இந்த நோக்கில் இரு கடைகளையும் அன்றாடச் சமையலுக்குரிய சாமான்களை வைத்து ஒப்பிட்டால், விடை சாமானைப் பொறுத்தே மாறுகிறது. அரிசி, மாவு, சர்க்கரை, எண்ணெய், சோப்பு முதலியவை மாதக்கணக்கில் கெடாதவை; இவற்றைப் பெரிய அளவில் வாங்கி வைப்பதில் வீட்டுக்கு ஏற்படும் செலவு சொற்பம், மிச்சமோ கணிசம். ரொட்டி, பால், கீரை, பழம் ஆகியவற்றின் கதை வேறு. பால் இரட்டை காலன் கட்டாகவும், முட்டை ஐந்து டஜன் அட்டைகளாகவும் கிடைக்கும் இடத்தில், இருவர் மட்டுமே உள்ள குடும்பம் பவுண்டுக்கு மலிவாக வாங்கிய கீரையில் பாதியைக் குப்பையில் கொட்டுமானால், அது கொடுத்த விலை உண்மையில் இரட்டிப்பாகிவிடுகிறது. சந்தாவையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 2024 செப்டம்பர் முதல் காஸ்ட்கோவின் சாதாரணச் சந்தா 65 டாலர், விலையில் நூற்றுக்குப் பத்து மிச்சமாகிறதென்று கொண்டாலும், ஆண்டுக்கு 650 டாலருக்கு அங்கு வாங்கிய பிறகே உண்மையான லாபம் ஆரம்பமாகிறது. சூப்பர் மார்க்கெட்டுக்கும் ஓர் அனுகூலம் உண்டு. கல்லனின் வழியில் வாரந்தோறும் சில சாமான்களை அசலுக்கும் கீழே விற்கும் அதன் விளம்பரத் தாளைக் கவனமாகப் படித்து, அந்தச் சாமான்களை மட்டும் பொறுக்கி எடுப்பவருக்குக் கிட்டங்கிக் கடையினும் குறைந்த விலை சில வாரங்களில் கிடைத்துவிடும். அங்கே பலன் பெறுவது வாங்குபவரின் சாமர்த்தியம். இங்கே பலன் பெறுவது அவருடைய மோட்டார் வண்டியும், கூடத்தை ஒட்டிய காலி அறையும், இரண்டாவது உறைபெட்டியும். இவை ஒன்றும் இல்லாமல் மாடிக் குடியிருப்பில் பஸ்ஸை நம்பி வாழும் குடும்பத்துக்கு, மலிவு எங்கோ தொலைவில் இருக்கிறது என்பது எந்த விலைச்சீட்டிலும் காணப்படுவதில்லை. நியூ ஜெர்சியிலும் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்திலும் குடியேறிய நம்மவர் பாசுமதி மூட்டையைக் கிட்டங்கியிலும், கறிவேப்பிலையையும் இட்லி அரிசியையும் இந்தியக் கடையிலும், அவசரத்துக்குத் தயிரை அண்டை சூப்பர் மார்க்கெட்டிலும் வாங்குவதைக் காணும்போது, வேலைப் பங்கீட்டை அவர்கள் அனுபவத்தாலேயே அறிந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

இந்தியாவுக்கு இவ்வமைப்பு வந்த விதம் மேற்கூறிய சரித்திரத்தின் போக்கை ஒரு கட்டம் பின்னுக்குத் திருப்பியது. 1964-இல் ஜெர்மனியில் பிறந்த 'மெட்ரோ' மொத்த விற்பனைக் கிட்டங்கி 2003-இல் பெங்களூரில் கால் வைத்தது. பல முத்திரைச் சரக்குகளைச் சில்லறையில் விற்க அந்நிய முதலீட்டுக்கு அப்போது அனுமதியில்லை. மொத்த வியாபாரத்துக்கோ 1997 முதலே நூற்றுக்கு நூறு அனுமதி கிடைத்துவந்தது. ஆகவே வியாபாரப் பதிவு உள்ள மளிகைக் கடைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் மட்டுமே அங்கு உறுப்பினராகலாம் என்றாயிற்று. 1976-இல் சான் டியாகோவில் ஸால் பிரைஸ் முதலில் நினைத்ததும், ஓராண்டுக்குள் கைவிட்டதும் இதையேதான். மூட்டையைப் பிரித்து ஐம்பது கிராம் சீரகமாகவும் கால் கிலோ துவரம்பருப்பாகவும் பொட்டலம் கட்டி, தெரிந்த வீட்டாருக்கு மாதச் சம்பளம் வரை கடன் சொல்லிக் கொடுக்கும் வேலை கடைக்காரரிடமே நின்றது; அதற்குரிய லாபமும் அவரிடமே நின்றது. 2023-இல் மெட்ரோவின் இந்திய வியாபாரம் 2,850 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸின் சில்லறை நிறுவனத்துக்குக் கைமாறியது.