படகு ஓடாத ஆறு

சில வருஷங்களுக்கு முன் என் சரித்திர நாவல் ஒன்று வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்ந்து வெளிவந்துகொண்டிருந்தது. ஆற்காட்டு முற்றுகைதான் அதன் பின்னணி. 1751-ஆம் வருஷம் கிளைவ் என்ற வாலிபன் ஒரு சிறு படையுடன் ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்துகொண்டான். சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் வந்து வெளியே வளைத்துக்கொண்டான். ஐம்பது நாள் முற்றுகை. இந்த அமளிக்கு நடுவே என் கதாநாயகன் ஒரு ரகசிய ஓலையை மடியில் கட்டிக்கொண்டு, நள்ளிரவில் படகேறிப் பாலாற்றைக் கடந்து போனான். நிலவு, துடுப்பின் ஓசை, மறுகரையில் காத்திருந்த குதிரை, ஒன்றுக்கும் குறைவில்லை. அந்த வாரம் வந்த பாராட்டுக் கடிதங்களைப் படித்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கட்டில் ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'ஸார், நான் முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வாலாஜாபேட்டைவாசி. தங்கள் கதாநாயகன் ஏறிய படகைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசை. அது மணலில் ஓடும் படகாக இருக்க வேண்டும். தாங்கள் எங்கள் ஆற்றைப் பார்த்ததுண்டா?'

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பார்த்ததில்லை. பெங்களூருக்குப் போகும்போது ரயில் ஜன்னல் வழியே பார்த்திருக்க வேண்டும், அப்போதெல்லாம் தூங்கியிருப்பேன். காவிரிக் கரையில் பிறந்த எனக்கு, ஆறு என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் படகு என்ற கணக்குத்தான் தெரியும். வெட்கத்துடன் வாத்தியாருக்குப் பதில் எழுதினேன். 'வந்து பாருங்கள்' என்று ஒரே வரியில் மறு கடிதம் வந்தது. போனேன்.

ரயில் என்னை இறக்கிவிட்ட இடத்தின் பெயர் வாலாஜா ரோடு. ஊர் அங்கிருந்து சில மைல் தள்ளி இருக்கிறது. ஸ்டேஷனிலேயே காத்திருந்தார் வாத்தியார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. முதல் பாடத்தை அங்கேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஸார், நீங்கள் நிற்கிற இடம் சாதாரண இடமில்லை. தென்னாட்டில் முதல் முதலாகப் பயணிகள் ரயில் ஓடியது 1856 ஜூலை முதல் தேதி. ராயபுரத்தில் புறப்பட்டுச் சுமார் நூறு கிலோமீட்டர் ஓடி இங்கேதான் வந்து நின்றது. ஏன் இங்கே? மதுரை இல்லையா, தஞ்சாவூர் இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். "பூகோளம் தெரிந்தால்தான் தெரியும்" என்று சிரித்துக்கொண்டு நடந்தார்.

அவர் சொன்னதை என் வார்த்தைகளில் சொல்கிறேன். மேற்கே மைசூர்ப் பீடபூமி. பெங்களூர் சுமார் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. கிழக்கே கடலோரச் சமவெளி. இரண்டுக்கும் நடுவே மலைத்தொடர்களும் சில கணவாய்களும். நவாபுகள் காலத்தில் மலைக்கு மேலே இருந்த சீமையைப் பாலாகாட் என்றும், கீழே இருந்ததைப் பாயன்காட் என்றும் அழைத்தார்கள். மேலேயிருந்து இறங்கும் சரக்கும் கீழேயிருந்து ஏறும் சரக்கும் பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போய் வர வேண்டும். அப்படிப் போய் வரும் மாடுகள் களைப்பாறவும், சரக்கு கை மாறவும், ஓர் இடம் வேண்டுமல்லவா? ஆற்காட்டு நவாபு முகமது அலியின் காலத்தில் அந்த இடம் ஒரு பெரிய பேட்டையாக வளர்ந்தது. வாலாஜா என்பது அவனுடைய பட்டப் பெயர். உயர்ந்த அந்தஸ்து உடையவன் என்று பொருள். கோட்டை, அரண்மனை, கொலுமண்டபம் எல்லாம் ஆற்றுக்குத் தெற்கே ஆற்காட்டில். வியாபாரம் வடக்கே வாலாஜாபேட்டையில்.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தான். புதிதாகக் கைக்கு வந்த நாடு எப்படிப்பட்டது என்று கும்பெனியாருக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இரண்டு பேர் இரண்டு விதமாகப் புறப்பட்டார்கள். ஒருவர் பிரான்சிஸ் புக்கானன் என்ற வைத்தியர். 1800-இல் சென்னையை விட்டுக் கிளம்பிக் காஞ்சீபுரம், ஆற்காடு, வேலூர் வழியாக மைசூருக்கு ஏறினார். எந்த மண்ணில் என்ன விளைகிறது, எந்தச் சரக்கு எந்தச் சந்தைக்குப் போகிறது என்று ஊர் ஊராக விசாரித்து எழுதினார். அது 1807-இல் மூன்று பாகங்களாக லண்டனில் அச்சாயிற்று. மைசூர்ச் சீமைப் பாக்கு வியாபாரத்தைப் பற்றிய அவருடைய குறிப்புகளில் நம் வாலாஜாபேட்டை வருகிறது. மற்றவர் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி. 1802-இல் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டுத் தரையை அளந்து, அந்த ஒரே கோட்டை ஆதாரமாக வைத்து மலையுச்சிக்கு மலையுச்சி முக்கோணம் போட்டு, கீழ்க்கடலிலிருந்து மேல்கடல் வரை அளந்துகொண்டு போனார். அவருக்கென்று சீமையிலிருந்து வந்த அரை டன் கருவியை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு விஷயம் தெரிந்து மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

"ஒருவர் மலையை அளந்தார், ஒருவர் மனிதரை விசாரித்தார். இரண்டும் சேர்ந்தால்தான் பூகோளம்" என்றார் வாத்தியார்.

சரி, ரயில் வந்து நின்றதே, ஊர் ஓங்கியிருக்க வேண்டுமே என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"தண்டவாளம் முடிகிற வரையில் ஓங்கியது ஸார். மேலே நாட்டுச் சரக்கெல்லாம் மாட்டு வண்டியில் வந்து இங்கே ரயில் ஏறியது. ஆனால் தண்டவாளம் ஓர் ஊரோடு நிற்குமா? 1864-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் பாதை போட்டுவிட்டார்கள். அப்புறம் பெங்களூர் மூட்டை நேரே சென்னைக்குப் போயிற்று. இங்கே இறக்கி ஏற்ற என்ன அவசியம்? ரயில் வந்ததால் பேர் பெற்ற ஊர், ரயிலாலேயே இளைத்துப் போயிற்று. 1866-இல் நகரசபை கொடுத்தார்கள். தென்னாட்டின் பழைய நகரசபை என்று நாங்கள் பெருமை பேசிக்கொள்வோம். பட்டம் வந்தபோது சொத்து போய்க்கொண்டிருந்தது."

சாயங்காலம் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். கண்ணுக்கெட்டிய தூரம் மணல். அங்கங்கே சீமைக் கருவேல முள். ஏதோ ஒரு மூலையில் பசுமையாக ஒரு நீர்த் திட்டு. என் கதாநாயகன் துடுப்புப் போட்ட இடத்தில் இரண்டு பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "முற்றுகை நடந்தது ஐப்பசி மாதத்தில். மழைக்காலத்தில் வெள்ளம் வந்திருக்கலாமே?" என்று வாதாடினேன்.

"வெள்ளம் வந்தால் குதிரை மாதிரி வரும். 1903-இல் வாணியம்பாடியில் எத்தனையோ உயிரைக் கொண்டுபோயிற்று. அதில் எந்தப் படகு நிற்கும்? வடிந்துவிட்டால் மறுபடி மணல். படகுக்குத் தோதான தண்ணீர் இந்த ஆற்றில் நிற்பதே அபூர்வம். ஆனால் ஆறு வற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். எங்கள் ஆறு மேலே ஓடாது, கீழே ஓடும். மணலில் நீளமாகக் கால்வாய் தோண்டி ஊற்றெடுத்து வயலுக்குக் கொண்டுபோவார்கள். கசக்கால் என்று பெயர். அதை நம்பித்தான் இந்தச் சீமை பிழைத்தது."

நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து மூன்று ராஜ்யங்களைத் தொட்டு 348 கிலோமீட்டர் ஓடி, சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே கடலைச் சேரும் ஆறு இது. 1858-இல் கட்டிய அணை இன்னும் வாலாஜாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காவேரிப்பாக்கம் பேரேரிக்கு அங்கிருந்துதான் தண்ணீர். அந்த ஏரிப் பக்கத்தில் கிளம்பும் கொசஸ்தலையாற்றுக்கு விருத்த க்ஷீர நதி, அதாவது பழைய பாலாறு, என்று ஒரு பெயர் உண்டு. ஒரு காலத்தில் பாலாறு அந்த வழியாகத்தான் கடலுக்குப் போயிற்று என்பது மண்ணை ஆராய்ந்தவர்களின் முடிவு. ஆறுகூட ஊரை மாற்றிக்கொண்டு போகும் என்றால், வியாபாரம் போனதற்கு யாரை நோவது?

திரும்பும் வழியில் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் தாகத்துக்கு நின்றேன். வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் ஸார், இந்தத் தண்ணீர் உதவாது."

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தோல் தொழில் வளர்ந்த கதையும் பூகோளந்தான். வறண்ட காட்டில் ஆவாரம் பட்டை, மணலுக்குக் கீழே தண்ணீர், கிழக்கே துறைமுகம். பட்டையில் பதமான தோல் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. பிறகு பட்டையின் இடத்தில் குரோமிய உப்பு வந்தது. வேலை வளர்ந்தது, எத்தனையோ குடும்பங்கள் அதில் சோறு தின்றன, தின்கின்றன. கழிவும் வளர்ந்தது. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, மாசு செய்தவனே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது இந்த ஆற்றின் வழக்கில்தான். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் அதைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு அதே ஆற்றைப் பற்றி மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது. கீழே ஓடுகிற ஆறு என்றாரே வாத்தியார், அதுதான் சங்கடம். மேலே ஓடும் ஆறு அழுக்கை அடித்துக்கொண்டு போய்விடும். கீழே ஓடும் ஆறு அதை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

"என் அப்பா அந்தக் கிணற்றிலிருந்துதான் குடித்தார்" என்று மட்டும் சொன்னார். பூகோள வாத்தியார் அதற்கு மேல் பாடம் நடத்தவில்லை.

நாவல் புத்தகமாக வந்தபோது படகை எடுத்துவிட்டேன். என் கதாநாயகன் இப்போது மணலில் நடந்துதான் ஆற்றைக் கடக்கிறான். நடு ஆற்றில் தாகம் வந்து, மண்டியிட்டுக் கையால் மணலைப் பறித்து, ஊறி வரும் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடிக்கிறான். படகைவிட அது நன்றாக அமைந்துவிட்டதாக நண்பர்கள் சொல்கிறார்கள். முதல் பிரதியை வாத்தியாருக்கு அனுப்பினேன்.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியது. ஊரே திரண்டு போய்ப் பார்த்ததாம். அப்போது அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'ஸார், இந்த வாரம் மட்டும் உங்கள் படகை மன்னித்தேன். ஆனால் அந்த மணல் ஊற்றை எடுத்துவிடாதீர்கள். எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது கதையில்தான் கிடைக்கும்.'

அந்தக் கார்டு என் மேஜை மேல் இருக்கிறது. சரித்திரக் கதை எழுத உட்காரும்போதெல்லாம், முதலில் அந்த ஊரின் கிணற்றை விசாரித்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.