முழங்கைக்கு என்ன தண்டனை?

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். 1990களின் பிற்பகுதியில் எங்கள் தோட்டத்துத் தீபாவளி விளையாட்டுப் போட்டியில் கடைசி நிகழ்ச்சி எப்போதும் சைக்கிளோட்டம்தான். பிரட்டுக்களத்தில் புறப்பட்டு, கோயிலைச் சுற்றி, மீண்டும் ஆபீஸ் வாசலுக்கு வரவேண்டும். தனி பந்தய சைக்கிள் ஏது? காலையில் பால் வாளி சுமந்த அதே சைக்கிள்தான். முதல் பரிசு ஒரு தெர்மாஸ்.

ஒரு வருடம் ஆபீஸ் வளைவில் என் தாய்மாமா முந்தப் பார்த்தார். முன்னால் போன பக்கத்து லயத்து அண்ணன் சட்டென்று இடப்பக்கம் வெட்டினார். மாமா கால்வாயில் விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. பெரிய கிராணி அங்கேயே தீர்ப்பு சொன்னார்: பரிசு கிடையாது, இரண்டு வருடத்திற்குப் போட்டியும் கிடையாது. கூட்டம் ஆமோதித்தது.

ஆனால் அதற்கு முந்திய வருடம் அதே அண்ணன், அதே வளைவில், அதே வேலையைத்தான் செய்தார். பின்னால் வந்தவர் பிரேக் பிடித்துத் தப்பினார். அண்ணனுக்குத் தெர்மாஸ் கிடைத்தது. நாங்கள் கைதட்டினோம்!

செயலுக்குத் தண்டனையா, விழுந்தவரின் எலும்புக்குத் தண்டனையா? எங்கள் தோட்டத்துக் கேள்வி இது என்று நினைத்திருந்தேன். உலகத் தொழில்முறைச் சைக்கிளோட்டமும் பல ஆண்டுகளாக இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறது.

1996-இல் தொடங்கிய லங்காவி சைக்கிளோட்டப் போட்டி நம் மாநிலத்துச் சாலைகள் வழியாகவும் போயிருக்கிறது. சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கூட்டம் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். கடைசி 200 மீட்டரில் ஸ்பிரிண்ட் வீரர்களின் வேகம் மணிக்கு 65, 70 கிலோமீட்டர். தலையில் ஒரு தொப்பி, உடம்பில் மெல்லிய பனியன். முன்னே போகிறவரின் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி வந்து, கடைசி நொடியில் வெளியே பாய்வதுதான் இந்தக் கலை. பாய்வதற்கு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை அடைப்பதில்தான் வம்பு தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? ஸ்பிரிண்ட் தொடங்கியபோது பிடித்த தடத்தை விட்டு விலகி, மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்கக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சாலையில் தடம் எங்கே வரைந்திருக்கிறது? நம் நீலாய் வெலோட்ரோமுக்குப் போய்ப் பாருங்கள். ஓடுதளத்தில் சிவப்புக் கோடு பளிச்சென்று இருக்கும். மீறினால் மீறியதுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் அஸிசுல்ஹஸ்னி அவாங், முன்னே செல்லும் மோட்டார் விலகுவதற்கு முன்பே அதைக் கடந்துவிட்டார் என்று கெய்ரின் முதல் சுற்றிலேயே நீக்கப்பட்டார். யாரும் விழவில்லை, யாருக்கும் காயமில்லை. மனம் வலித்தாலும் விதி தெளிவாக இருந்தது. சாலை ஓட்டத்திலோ அந்தக் கோடு நடுவரின் கண்ணில்தான் இருக்கிறது.

1988 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ரோன்ஸ நகரில் உலகச் சாலை ஓட்டப் போட்டி. (நம் குமரேசன் சியோல் ஒலிம்பிக்குக்குப் போன அதே ஆண்டு.) மேடேறும் கடைசி ஓட்டத்தில் கனடாவின் ஸ்டீவ் பாவரும் உள்ளூர் நாயகன் குளோட் கிரிக்கலியோனும் முட்டிக்கொண்டு வந்தார்கள். பாவருக்கும் தடுப்பு வேலிக்கும் நடுவே நுழையப் பார்த்தார் கிரிக்கலியோன். பாவரின் முழங்கை வெளியே வந்தது. வேலியில் மோதி விழுந்தார் பெல்ஜியர். பின்னால் வந்த இத்தாலியின் மௌரிசியோ ஃபொன்ட்ரியெஸ்ட் இருவரையும் தாண்டி உலக வெற்றியாளர் ஆனார். பாவர் நீக்கப்பட்டார்.

விஷயம் அதோடு முடியவில்லை. கிரிக்கலியோன் நீதிமன்றத்திற்கே போனார், பத்து லட்சம் டாலருக்கும் மேல் நஷ்டஈடு கேட்டு! வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, கடைசியில் பாவருக்குச் சாதகமாக முடிந்தது. விளையாட்டு நடுவர் சில நிமிடங்களில் குற்றவாளி என்றவரை நீதிமன்றம் விடுவித்துவிட்டது. இரண்டில் எது சரி? நான் பாவர் பக்கமும் இல்லை, கிரிக்கலியோன் பக்கமும் இல்லை. மூடப்போகும் கதவில் தலையை நீட்டுகிறவருக்கும் கொஞ்சம் பொறுப்பு உண்டல்லவா?

அடுத்தது 2017 ஜூலை 4, பிரான்சின் வித்தெல் நகரம். இந்த வழக்கு என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. பீட்டர் சாகன் அப்போது உலக வெற்றியாளர். அவருக்கும் வேலிக்கும் இடையில் வந்தார் மார்க் கவெண்டிஷ். சாகனின் வலது முழங்கை வெளியே நீண்டது. கவெண்டிஷ் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. நடுவர்கள் முதலில் சாகனுக்கு 30 விநாடியும் 80 புள்ளியும் தண்டனை கொடுத்தார்கள். அன்று மாலையே அதை மாற்றிப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள்.

ஊடகத்துறை டிப்ளோமா படித்த காலத்தில் எடிட்டிங் அறையில் எங்கள் ஆசிரியர் அடிக்கடி சொல்வார்: தூரத்திலிருந்து லென்ஸை இழுத்து எடுத்தால் முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். முடிவுக்கோட்டுக் கேமரா அப்படித்தான் எடுக்கிறது. நேர் எதிரிலிருந்து பார்த்தால் சாகன் ஓங்கி இடித்ததுபோல் இருக்கிறது. வேறு கோணத்தில், முழங்கை வருவதற்கு முன்பே கவெண்டிஷ் சாயத் தொடங்கிவிட்டதுபோல் தெரிகிறது. நான் அந்தக் காட்சியைப் பத்து முறைக்கு மேல் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இன்றும் சத்தியம் செய்து சொல்ல முடியவில்லை.

அந்த டிசம்பரில் அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கமும் சாகன் தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அது வேண்டுமென்றே செய்ததல்ல, பந்தயத்தில் நேர்ந்த விபத்து என்று அறிவிப்பு வந்தது. என்ன பயன்? பந்தயம் முடிந்து ஐந்து மாதமாகிவிட்டது. அதற்கு முன் ஐந்து ஆண்டு தொடர்ந்து வென்ற பச்சைச் சட்டை அந்த ஆண்டு அவர் கையை விட்டுப் போனது. ஒரு நல்லது நடந்தது: காட்சிகளைப் பார்த்து நடுவர்களுக்கு உதவ மட்டும் தனியாக ஒருவரை உட்கார வைக்கும் வழக்கம் 2018 முதல் வந்தது.

இனி சொல்லப்போவது கல் நெஞ்சையும் கரைக்கும். 2020 ஆகஸ்ட் 5, போலந்தின் கடோவித்சே நகரம். முடிவுக்கோடு ஓர் இறக்கத்தில். வேகம் 80 கிலோமீட்டரைத் தொட்டது. நெதர்லாந்தின் டைலன் குரூனவேகன் தடம் மாறி, அதே நாட்டுக்காரரான ஃபாபியோ யாக்கொப்சனை வேலியோடு நெருக்கினார். வேலி சிதறிப் பறந்தது. யாக்கொப்சனை மருத்துவர்கள் மயக்க நிலையில் வைத்துக் காப்பாற்றினார்கள். முகத்தில் 130 தையல். கிட்டத்தட்ட எல்லாப் பற்களும் போய்விட்டன. அப்போது அவருக்கு வயது 23.

குரூனவேகன் தவறை ஒப்புக்கொண்டார். ஒன்பது மாதத் தடை கிடைத்தது. கொலை மிரட்டல் வந்து, வீட்டுக்குப் போலீஸ் பாதுகாப்பும் தேவைப்பட்டது. தடை கூடாது என்று நான் சொல்லவில்லை. யாக்கொப்சனின் தாயார் இடத்தில் நின்று பார்த்தால் ஒன்பது மாதம் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த இறக்கத்தில் வேகம் அதிகம், ஆபத்து என்று வீரர்கள் முந்திய ஆண்டுகளிலேயே முணுமுணுத்திருக்கிறார்கள். அங்கே கோடு போட்டது யார்? கழன்று பறக்கும் வேலியை வைத்தது யார்? குரூனவேகன் செய்ததைப் போன்ற தடம் மாறல்கள் ஒவ்வொரு பருவத்திலும் நடக்கின்றன. யாரும் விழாவிட்டால் அந்தக் கட்டத்தின் கடைசி இடத்துக்குத் தள்ளுவார்கள், சிறு அபராதம் போடுவார்கள். மறுநாள் அதே வீரர் மீண்டும் ஸ்பிரிண்டில் நிற்பார்.

என் மாமாவும் இதைத்தான் சொன்னார். கட்டுப்போட்ட தோளோடு கிராணியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஐயா, போன வருசமே அவனக் கண்டிச்சிருந்தா நான் ஏன் விழப்போறேன்?" கிராணியிடம் பதில் இல்லை. அடுத்த தீபாவளிக்கு முடிவுக்கோட்டைக் கால்வாய்ப் பக்கமிருந்து எடுத்து, திடலுக்கு மாற்றிவிட்டார்கள்.

அனைத்துலகச் சங்கமும் தாமதமாக இதே இடத்திற்கு வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் சோதனையாகத் தொடங்கி, 2025 ஜனவரி 1 முதல் மஞ்சள் அட்டை முறை நடைமுறையில் உள்ளது. காற்பந்துபோல நடுவர் அட்டையைத் தூக்கிக் காட்டுவதில்லை; பந்தயம் முடிந்ததும் அறிக்கையில் வரும். ஒரே போட்டியில் இரண்டு வாங்கினால் நீக்கம், கூடவே ஏழு நாள் தடை. 30 நாளில் மூன்று வாங்கினால் 14 நாள். ஓராண்டில் ஆறு என்றால் 30 நாள். யாரும் விழாவிட்டாலும் அட்டை உண்டு, அதுதான் எனக்குப் பிடித்த அம்சம். அணி மேலாளருக்கும், ஊடக மோட்டார் ஓட்டுபவருக்கும்கூட அட்டை கொடுக்கலாம். முடிவுக்கோட்டுக்கு இடம் தேர்ந்தெடுப்பவருக்கும் ஒன்று கொடுக்க முடிந்தால் என் மாமா மகிழ்வார்.

யாக்கொப்சன் மீண்டு வந்தார். 2022 பிரான்ஸ் சுற்றோட்டம் டென்மார்க்கில் தொடங்கியபோது, ஜூலை 2-இல் இரண்டாம் கட்டத்தை வென்றார். மறுநாள் மூன்றாம் கட்டத்தை வென்றவர் குரூனவேகன். அந்த இரண்டு காட்சிகளையும் மாமாவுக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். இரண்டாவதை மீண்டும் ஓட்டச் சொன்னார். கைகளைத் தூக்கிய குரூனவேகனைவிட, பக்கத்தில் வந்தவர்களின் தடத்தைத்தான் அவர் உற்றுப் பார்த்தார்.