தேஜஸ் அணைந்த கதை

மே மாதம் திருவண்ணாமலையில் இருந்திருக்கிறீர்களா? இருந்திருந்தால் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த மலை, ராத்திரி பத்து மணிக்கும் ஊருக்குள் அனலை ஊதிக்கொண்டிருக்கும். அக்னி ஸ்தலம் என்று சும்மாவா சொன்னார்கள்?

2003-ல், நான் பி.காம். படித்துக்கொண்டிருந்த காலத்தில், ராஜகோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர்கள். ஆறுக்கும் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் போட்டிருப்பார் கடைக்கார அண்ணன். உள்ளே ஒயர், போர்டு, ஒட்டடை எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டேபிள் ஃபேன். மனுஷனுக்குக் கிடையாது. கேட்டால், "நீ வேர்த்தா துடைச்சுக்குவ தம்பி. அது வேர்த்தா அணைஞ்சு போயிடும்" என்பார்.

எதிரே டீக்கடை. அங்கே மாட்டாஸ்பத்திரிக்காரர் ஒருவர் டி.வி.எஸ். 50-ல் வருவார். வண்டியில் பால்கேன் சைஸுக்கு ஒரு அலுமினியக் கேன் கட்டியிருக்கும். கிராமம் கிராமமாகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். கேன் மூடியைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று புகை. உள்ளே இருப்பது திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். காளையின் விந்து வருஷக்கணக்கில் கெடாமல் இருக்க அந்தக் குளிர் வேண்டும்.

ஒருநாள் கம்ப்யூட்டர் நாலாவது தடவையாக நின்றுபோனதும் அண்ணன் வெறுத்துப்போய்ச் சொன்னார்: "சார், அந்தக் கேன்ல இருக்கறதுல ஒரு டம்ளர் இந்தப் பொட்டிக்குள்ள ஊத்திட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

டீக்கடையே சிரித்தது. நானும்தான்.

அதே வருஷம் டிசம்பரில் ஐரோப்பாவில் சிலர் அச்சு அசலாக அதையே செய்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பெண்டியம் 4 பிராசஸரின் தலையில் திரவ நைட்ரஜனை ஊற்றி, 5 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டோம் என்று 'டாம்ஸ் ஹார்ட்வேர்' குழுவினர் அறிவித்தார்கள். அப்போது கடையில் கிடைத்த பெண்டியம் 4, மூன்றைச் சொச்சத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எதற்கு இந்த வேலை? அதைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

* * *

பிராசஸருக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அது டிக் அடிக்க அடிக்க வேலை நகரும். 1 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 கோடி டிக். கம்பெனிக்காரன் 3 என்று எழுதி விற்ற சிப்பை 4-ல், 5-ல் ஓடவைப்பதற்குப் பெயர் ஓவர்க்ளாக்கிங்.

டிக்கைக் கூட்டினால் சிப் தடுமாறும். தடுமாறாமல் இருக்க வோல்டேஜைக் கூட்ட வேண்டும். வில்லங்கம் இங்கேதான். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு ஒருமுறை பெருகும். வோல்டேஜோடு இரண்டு முறை பெருகும். வேகம், வோல்டேஜ் இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.1-ஐ மூன்று தடவை பெருக்குங்கள். 1.331.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த எண் பழைய சிநேகிதன். 10 சதவீதக் கூட்டு வட்டி, மூன்று வருஷம்! கிடைத்த வேகம் பத்து சதவீதம். கட்டும் பில் 33 சதவீதம் அதிகம். அந்த மின்சாரம் எங்கே போகிறது? மொத்தமும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும், அதுவும் நகத்தளவு சிலிக்கானிலிருந்து.

சூடு ஏறினால் சிப்புக்குள் மின்சாரம் கசியும். கசிந்தால் சூடு இன்னும் ஏறும். வட்டி கட்ட கடன் வாங்குகிறவன் நிலைமை. குளிரவைத்தால் எல்லாம் தலைகீழ். கசிவு அடங்கும், கம்பிகளின் மின்தடை குறையும், டிரான்சிஸ்டர்கள் சுறுசுறுப்பாகும்.

ஆக, வேகத்தின் கதை என்பது உண்மையில் குளிரின் கதை. அந்தக் கதை போலந்தில் ஆரம்பிக்கிறது.

* * *

1883. கிராகோவ் நகரம். ஸிக்மண்ட் வ்ரூப்ளெவ்ஸ்கி, கரோல் ஓல்ஷெவ்ஸ்கி என்று இரண்டு விஞ்ஞானிகள். (பெயரை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், நாக்கு உறைந்துவிடும்.) நாம் மூச்சிழுக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து, குளிரவைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் தண்ணீர் மாதிரி ததும்பவைத்துக் காட்டினார்கள்.

அடுத்த ஐந்தே வருஷம். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது மண்ணெண்ணெய் விளக்கு கவிழ்ந்தது. தீக்காயத்தில் வ்ரூப்ளெவ்ஸ்கி இறந்துபோனார். வயது 42. குளிரின் அடிமட்டம்வரை போய்வந்த மனிதரைக் கடைசியில் ஒரு விளக்கு கொண்டுபோனது.

1895-ல் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே, காற்றைப் பெரிய அளவில் திரவமாக்கும் இயந்திரத்தைச் செய்தார். அதன்பிறகு இது தொழிற்சாலைச் சரக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனது, இரும்பாலைக்குப் போனது, நம்மூர் மாட்டாஸ்பத்திரிக்கும் வந்தது.

கம்ப்யூட்டருக்கு வந்தது 1987-ல். அமெரிக்காவின் கண்ட்ரோல் டேட்டா நிறுவனம், சூப்பர் கம்ப்யூட்டர் செய்வதற்கென்றே ஈ.டி.ஏ. சிஸ்டம்ஸ் என்று ஒரு கம்பெனியைத் தொடங்கியிருந்தது. அவர்களுடைய இயந்திரம் ஈ.டி.ஏ.10. அதன் உயர் ரக மாடல்களில் பிராசஸர் பலகையை அப்படியே திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் முக்கிவிட்டார்கள்! சாதாரணக் காற்றில் ஓடுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் கிடைத்தது. முதல் இயந்திரம் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

ஆனால், 1989 ஏப்ரலில் கம்பெனிக்கே பூட்டு. குளிர் காலை வாரவில்லை. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் சாஃப்ட்வேர் சரியாக அமையவில்லை, போட்ட பணம் திரும்பவில்லை. குதிரை ரெடி, ஓட்ட ஆள் இல்லை.

* * *

இதே சமயத்தில் நம் ஊரில் வேறொரு நாடகம்.

இந்தியா அமெரிக்காவிடம் க்ரே சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டது. அணுகுண்டுக்கும் ஏவுகணைக்கும் கணக்குப் போடுவீர்கள் என்று சந்தேகப்பட்ட அமெரிக்கா, பெரிய மாடலைத் தரமாட்டேன் என்றது. நீண்ட பேரத்துக்குப் பிறகு, வானிலைக் கணிப்புக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு எக்ஸ்-எம்பி 14 என்ற சின்ன மாடலை டெல்லிக்குக் கொடுத்தது.

கேட்டது கிடைக்காவிட்டால் என்ன செய்வது? 1988-ல் புனேயில் சி-டாக் என்ற அமைப்பு பிறந்தது. தலைமை, விஜய் பட்கர். 1991-ல் பரம் 8000 வெளியே வந்தது. அதற்குள் அசுர வேகப் பிராசஸர் எதுவும் கிடையாது. பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனம் செய்த டிரான்ஸ்பியூட்டர் என்னும் சின்னச் சின்ன சிப்களை வரிசையாகக் கோத்து, ஒரே கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள்.

இது புரிய நீங்கள் புனே போக வேண்டாம். கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிக்கு வாருங்கள். பெரிய தேரை இழுக்க யாரும் ராட்சதக் காளை ஒன்றைத் தேடிப் போவதில்லை. வடத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கான கைகள் இருக்கின்றன. அம்மன் தேரைப் பெண்களே இழுப்பார்கள், சண்டிகேஸ்வரர் தேரைப் பிள்ளைகள் இழுப்பார்கள். எந்தக் கையும் அசாத்தியக் கை இல்லை. தேர் நகர்கிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கூட்டம் இருந்தால் மட்டும் தேர் திரும்பாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் ஒரு விரற்கடை தப்பினால், தேர் எந்த வீட்டுத் திண்ணைமேல் ஏறும் என்று சொல்ல முடியாது. எல்லாக் கணக்கையும் இஷ்டத்துக்குப் பிரித்துவிட முடியாது. பிரித்த வேலை ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும். பட்கர் குழுவினரின் பாதி உழைப்பு இந்த முட்டுக்கட்டை வேலைதான்.

* * *

ஒரே காளையைச் சாட்டையால் அடித்து ஓட்டலாம் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். அதுவும் சாதாரண ஆட்கள் அல்ல. இன்டெல்!

பெண்டியம் 4 வந்த 2000-ல், இதே வழியில் 10 கிகாஹெர்ட்ஸ்வரை போய்விடலாம் என்பதுதான் அவர்கள் கனவு. மறு வருஷமே அதே இன்டெல்லின் பேட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டில் எச்சரிக்கை மணி அடித்தார். இப்படியே போனால் சிப்பின் சூடு அணு உலையைத் தொடும், பிறகு ராக்கெட் வாயைத் தொடும், அப்புறம் சூரியனின் மேற்பரப்பு.

யாரும் சூரியன்வரை போகவில்லை. 4 கிகாஹெர்ட்ஸிலேயே மூச்சு முட்டிவிட்டது. பெண்டியம் 4-க்கு அடுத்த வாரிசாக இன்டெல் ஒரு சிப்பை வளர்த்துக்கொண்டிருந்தது. சூடு தாங்காமல் 2004 மே மாதம் அதைக் கைவிட்டார்கள். அந்தச் சிப்புக்கு அவர்கள் செல்லமாக வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா?

தேஜஸ்.

ஜோதி, பிரகாசம், கனல். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! அதே வருஷம் அக்டோபரில், 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியமும் வராது என்று அறிவித்தார்கள். தலைமை அதிகாரி கிரேக் பேரட், கூட்டம் நிறைந்த மேடையில் பாதி விளையாட்டாக, பாதி நிஜமாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். 2005-ல் ஒரே சிப்புக்குள் இரண்டு மூளை கடைக்கு வந்தது. காளையை அவிழ்த்துவிட்டு வடத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

சரி, நைட்ரஜன் ஊற்றியவர்கள் என்ன ஆனார்கள்? இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். பிராசஸர்மேல் ஒரு செம்புக் குவளையைப் பொருத்துவார்கள். ஈரம் கோத்து ஷார்ட் ஆகாமலிருக்க போர்டு முழுக்க வாஸலின் பூசுவார்கள். ஃபிளாஸ்க்கிலிருந்து ஒருவர் ஊற்ற, இன்னொருவர் திரையைப் பார்த்து வேகத்தை ஏற்றுவார். அடைத்த அறையில் இதைச் செய்தால் ஆபத்து. ஒரு லிட்டர் திரவம் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாக விரிந்து பிராணவாயுவை வெளியே தள்ளிவிடும். இறுக மூடிய பாத்திரத்தில் வைத்தாலோ வெடிக்கும்.

2011-ல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் எஃப்.எக்ஸ். சிப், இன்னும் குளிரான திரவ ஹீலியத்தின் உதவியோடு 8.429 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுக் கின்னஸில் ஏறியது. இதில் ஒரு வேடிக்கை. எட்டு மூளை உள்ள சிப் அது. சாதனைக்காக ஆறை அணைத்துவிட்டு இரண்டை மட்டும் ஓடவிட்டார்கள். 2022-ல் இன்டெல் சிப் ஒன்று 9-ஐத் தாண்டியது. அதுவும் ஹீலியத்தில்தான், அதுவும் சில விநாடிகளுக்குத்தான்.

தினசரி வேலைக்கு இது ஏன் ஆகாது என்று கேட்கிறீர்களா? பழையபடி கணக்குதான். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் கொதித்து ஆவியாகும்போது சுமார் 160 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 400 வாட் தின்னும் சிப்புக்கு அது ஏழு நிமிஷம்கூடத் தாங்காது. மணிக்கு ஒன்பது லிட்டர். கட்டுப்படியாகுமா?

அதற்காக அவர்களைக் கிறுக்கர்கள் என்று தள்ளிவிட மாட்டேன். ஒரு பொருளின் எல்லை எங்கே என்று கண்டுபிடிக்க, யாராவது ஒருவர் அதைத் தாண்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

வடம் பிடிக்கிறவர்களுக்கும் வட்டி தள்ளுபடி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் கை சேர்ந்தால் ஆயிரம் பேரின் வேர்வையும் சேரும். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழுந்திருக்கும் டேட்டா சென்டர்களில், கணக்குப் போடத் தேவைப்படும் மின்சாரம் போக, குளிரவைப்பதற்கென்றே தனியாக மின்சாரம் செலவாகிறது. பல இடங்களில் தண்ணீரும். அதைத் தருவது நம் ஊர்தான்.

அந்த பிரவுசிங் சென்டர் இப்போது இல்லை. ஆறு கம்ப்யூட்டர் செய்த வேலையை என் சட்டைப்பை போன் செய்கிறது. உள்ளே எட்டு மூளை, ஃபேன் கிடையாது. போன மே மாதம், மத்தியான வெயிலில், கிரிவலப் பாதையில் நின்று மலையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். போன் அதிகமாகச் சூடாகிவிட்டது என்று திரையில் ஒரு வரி வந்தது. கேமரா தானாக நின்றுவிட்டது.

கைக்குட்டையை எடுத்து என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது.