வில்லும் குடமும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளையை அடைகிறது. அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. அவ்வெல்லையை ஒட்டிய சிற்றூர்களுள் ஒன்று காரோடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. காரோடு அடங்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஒரே பேச்சும் ஒரே தெய்வங்களும் கொண்ட ஊர்கள் இரு மாநிலங்களாயின. பிரிக்க முடியாத ஒன்று மட்டும் எஞ்சியது. அது ஒரு வில்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கு வில்லுப்பாட்டு என்றதும் சுப்பு ஆறுமுகம் அவர்களின் நினைவே எழும். சென்னை மேடைக்கும் வானொலிக்கும் அக்கலையை எடுத்துச் சென்ற அவர் 2022இல் மறைந்தார். ஆனால் அதன் பழைய இருப்பிடம் இசக்கியம்மனும் சுடலைமாடனும் கோயில் கொண்ட தென்கோடி நாடே. களியக்காவிளைக்குக் கிழக்கே அதனை வில்லுப்பாட்டு என்பர். மேற்கே வில்லடிச்சான் பாட்டு என்பர். 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் படையோடு பொருது மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை இரு பக்கத்துக்கும் பொது. அப்பாட்டின் மொழியைத் தமிழென்பதா, மலையாளமென்பதா என்று அறிஞர்கள் வழக்காடலாம். கேட்கும் ஊராருக்கு அந்த ஐயம் எழுவதில்லை.

இனிக் கருவியைக் காண்போம். நன்கு முற்றிய பனையின் வைரத்தையோ மூங்கிலையோ நீளமாகச் சீவி வளைத்து, இரு முனைகளையும் முறுக்கிய தோல் நாணால் இழுத்துக் கட்டுகிறார்கள். வில்லில் வெண்கல மணிகள் தொங்கும். நடுப்பகுதியை ஒரு மண்குடத்தின் கழுத்தோடு பிணைப்பார்கள். புலவர் இரு கைகளிலும் வீசுகோல் ஏந்தி நாணை அடிக்க, அருகில் இருப்பவர் கமுகம்பாளையால் ஆன பத்தியைக் கொண்டு குடத்தின் வாயில் தட்டுவார். உடுக்கும் தாளமும் கட்டையும் துணை நிற்கும்.

குடம் எதற்கு? அதிரும் நாண் மெல்லியது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமேயன்றி, அதனை மிகுதியாக அசைக்க அதனால் இயலாது. அகன்ற பரப்பும் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து அதிர்ந்தால்தான் ஒலி செவிக்கு எட்டும். நரம்புக் கருவி யாவற்றுக்கும் இதுவே விதி. இதனைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் ஒருவன் உட்டுளை உள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல்நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து வாசிக்கிறான். நாரே ஆயினும் புலவர் அதற்கு இட்ட பெயர் நரம்பு என்பதே. வில்லுப்பாட்டு வில் அந்த யாழின் நேர்வழித்தோன்றல் என்று நாம் கூறத் துணியோம். யாழில் நரம்பு பண்ணை இசைத்தது. இங்கே நாண் தாளத்தை மட்டும் காக்கிறது, பண் பாடுவோர் மிடற்றில் இருக்கிறது.

ஆனால் ஒரு சொல் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. வீணையின் பருத்த அடிப்பாகத்துக்கும் குடம் என்றே பெயர்! தஞ்சாவூர்த் தச்சர் அக்குடத்தைப் பலாமரத்தில் குடைகிறார். பலா கனம் குறைந்தது. நன்கு உலர்ந்தபின் எளிதில் கோணாது. பூச்சியும் விரைந்து அரிக்காது. குடமும் தண்டியும் யாளித்தலையும் ஒரே மரத்தில் அமைந்தால் அது ஏகாண்ட வீணை. குடத்தின் சுவர் தடித்துவிட்டால் நாதம் மந்தமாகும். அளவுக்கு மீறி மெலிந்தால் மரம் வெடிக்கும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பது தச்சரின் கைக்கே தெரியும். அதன் பின்னரே மெழுகில் 24 மெட்டுகளும், வாசிக்க நான்கு தந்திகளும், தாளத்துக்கு மூன்று தந்திகளும் ஏறுகின்றன. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தது.

பலா என்றதும் நெய்யாற்றின்கரையார் மற்றொன்றை நினைப்பார்கள். அவ்வூர்க் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவு எனும் பழம்பெரும் பலாவின் அடிமரம் காக்கப்பட்டு வருகிறது. பகைவர் துரத்தியபோது மார்த்தாண்டவர்மர் அதன் பொந்தினுள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது அவ்வூர் வரலாறு. 1729 முதல் 1758 வரை அவர் திருவிதாங்கூரை ஆண்டார். பலாவின் வெற்றிடம் வீணைக்குக் குரல் தருவதற்கு மட்டுமன்றி, ஓர் அரசைக் காக்கவும் பயன்பட்டது போலும்.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர்ப் பத்மநாபபுரத்துச் சரசுவதி திருவுருவம் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கிறது. கம்பர் வழிபட்ட உருவம் அது என்பது செவிவழிச் செய்தி. வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் செல்கிறார்கள். குழித்துறையில் ஓர் இரவு. நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு. இடையே களியக்காவிளையில் கேரள அரசினர் மரியாதையுடன் வரவேற்கின்றனர். பாறசாலைச் சாலையோரத்தில் ஊரார் விளக்கேற்றிக் காத்து நிற்கிறார்கள். வீணைக்குரிய தெய்வம் கடந்து செல்லும் அதே வழியின் இருமருங்கும் உள்ள கோயில்களில், கொடைக்காலம் வந்ததும் மண்குடத்தின்மீது வில்லைக் கட்டுகிறார்கள்.