தோலும் கிணறும்: ஒரு உப்புக் கதை

எங்க நோணாங்குப்பத்தைப் பட்டணத்துக்காரங்களுக்கு ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் தெரியும்: சுண்ணாம்பாறு போட் ஹவுஸ். சனி ஞாயிறு வருவாங்க, படகு ஏறி பாரடைஸ் பீச்சுக்குப் போவாங்க, இளநீர் குடிச்சிட்டுக் கிளம்பிடுவாங்க. அந்தத் தண்ணிக்கு இன்னொரு முகம் இருக்கு. கடல் பக்கத்துலயே இருக்கு. மழை பொய்ச்சு, ஆளாளுக்கு போர் போட்டு இழுத்தா, கடல் மண்ணுக்கு அடியில மெல்ல உள்ள வரும். முதல்ல தண்ணி லேசாக் கரிக்கும். அப்புறம் நாத்து நுனி கருகும். கடைசியில மண்ணு மேல வெள்ளைப் பூத்துரும். கடலோர விவசாயிக்கு உப்புன்னா என்னன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இன்னிக்கு எழுதப்போறது, கடல் வாடையே படாத ஊர்கள்ல கிணறெல்லாம் உப்பாப் போன கதை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, அப்புறம் திண்டுக்கல். அங்க உப்பு வந்தது கடல்லேர்ந்து இல்ல, தோல்லேர்ந்து.

பாலாறு எங்க பக்கம் வராது, உனக்கென்ன அதுலன்னு கேக்கலாம். சொல்றேன். அந்தத் தொழிலோட ஒரு வேர் நம்ம புதுச்சேரியிலதான் இருக்கு.

கிணத்துக்குத் தோல் வேலை செஞ்ச காலம்

மின் மோட்டார் வர்றதுக்கு முன்னாடி தோல் இல்லாம விவசாயமே இல்ல. கவலை ஏத்தம் பாத்தவங்க இப்போ கொஞ்சம் பேருதான் இருப்பாங்க. ரெண்டு மாடு சரிவுல இறங்கும், கிணத்துலேர்ந்து சால் மேல வரும். அந்தச் சாலோட அடியில யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு நீளமான தோல் குழாய் தொங்கும். சால் மேல வந்ததும் அந்தக் குழாய் வழியா வாய்க்காலுக்குத் தண்ணி கொட்டும். ஊர்ல செத்த மாட்டோட தோலை உரிச்சு, சுண்ணாம்புல ஊறப்போட்டு, பட்டைச் சாறுல பதம் பண்ணி, அந்தக் குழாயைத் தெச்சுக் கொடுத்தவங்களுக்குக் களத்துல நெல்லுதான் கூலி. ஊருக்கே தண்ணி இறைக்க வழி பண்ணின அந்த மனுஷங்களை, சாதியின் பேரால் ஊருக்கு வெளியே வெச்சதும் இதே ஊர்தான். அதையும் சொல்லாம இந்தக் கதையை ஆரம்பிக்க முடியாது.

அன்னிக்குப் பதனிட்ட தோல் அளவும் குறைவு, பயன்படுத்தின பொருளும் ஊர்ல விளையுறது: ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு.

புதுச்சேரிக்காரர் ஒருத்தர்

1840-களில் சார்லஸ் டி சூசா என்கிற யூரேசியர் மதராஸில் தோல் பதனிடத் தொடங்கினார். அவர் புதுச்சேரியைச் சேர்ந்தவர், மேம்பட்ட முறையை மொரீசியஸ் தீவில் கற்று வந்தவர் என்று தோல் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். நாட்டு முறையையே எடுத்து, ஆவாரம்பட்டையை முறையாகப் பயன்படுத்தி, லண்டன் சந்தை ஏற்கிற தரத்துக்குத் தோலைக் கொண்டுவந்தார். அவரைப் பார்த்து மற்ற வணிகர்களும் இறங்கினார்கள். குறிப்பாகத் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அந்தத் தொழிலை வட ஆர்க்காடு, திண்டுக்கல், திருச்சி என்று பரப்பினார்கள். அரைகுறையாகப் பதனிட்ட அந்தத் தோலுக்கு உலகச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று பேர். இன்றைக்கு அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

அடுத்தது குரோம். பட்டையில் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் ஒரே நாளில் முடியும். தோலும் மெல்லிசாக, வெந்நீர் தாங்குவதாக இருக்கும். மதராஸில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ல் குரோம் பதனிடலைச் சோதனையாகத் தொடங்கினார். 1912-ல் சேம்பர்ஸ் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். நீங்க மின்சார ரயில்ல தாண்டிப் போற குரோம்பேட்டைக்குப் பேரு வந்தது அதனாலதான்.

1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமய்யா குழு ஒரு பரிந்துரை கொடுத்தது: பாதி பதனிட்ட தோலை அனுப்புவதைக் குறைத்து, முடித்த தோலாக, செருப்பாக, பையாக ஏற்றுமதி செய்யணும். நாட்டுக்கு நல்ல யோசனை. ஆம்பூர்ல ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஷூ கம்பெனியில வேலை கிடைச்சது இந்தத் திருப்பத்தாலதான். ஆனா முடித்த தோல்னா கூடுதல் ரசாயனம், கூடுதல் தண்ணி. அந்தத் தண்ணி எங்க போகும்னு அந்தச் சமயத்துல பெருசா யாரும் கேக்கல. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் பாலாத்து மணலுக்கும் போச்சு.

குரோமியத்துக்குக் கெட்ட பேரு, உப்புக்குத் தப்பிப்பு

தோல் கழிவுன்னாலே எல்லாரும் குரோமியம்னு சொல்லுவாங்க. தப்பில்ல. வழக்கமான முறையில் போடுகிற குரோமியத்தில் கணிசமான பகுதி தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல் மலையாகக் கிடக்கிறது.

ஆனா வயலை முதல்ல சாகடிச்சது உப்பு. கணக்கைப் பாருங்க. உரிச்ச பச்சைத் தோல் அழுகாம இருக்க, நூறு கிலோ தோலுக்கு முப்பது நாப்பது கிலோ உப்பு போடுவாங்க. ஒரு டன் தோல் டேனரிக்கு வந்தா, கூடவே முந்நூறு நானூறு கிலோ உப்பும் வருது. முதல் நாள் தோலை ஊறப்போட்டதும் அதெல்லாம் தண்ணியில கரைஞ்சிடும். அப்புறம் அமிலத்துல போடறப்போ மறுபடியும் உப்பு. அந்த ஒரு டன் பச்சைத் தோல்லேர்ந்து கடைசியில கிடைக்கிற நல்ல தோல் கால் டன்கூட இருக்காது. மத்ததெல்லாம் கழிவு.

இதுல விஷயம் என்னன்னா, நாத்தமடிக்கிற அழுக்கை நுண்ணுயிர் தின்னுடும். குரோமியத்தைப் படிய வெச்சு எடுத்துடலாம். கரைஞ்ச உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. தண்ணி தெளிவா இருக்கும், ஆனா தென்னைக்கு ஆகாது.

வழக்கு

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு கொடுத்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். கெடுத்தவனே செலவை ஏற்கணும், கெடும்னு சந்தேகம் வந்தாலே முன்கூட்டித் தடுக்கணும் என்ற இரண்டு கொள்கைகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது சொன்னது. அந்தத் தீர்ப்பில் பதிவான விவரங்களை ஒரு விவசாயியா வாசிக்கறப்போ நெஞ்சு அடைக்கும். டேனரி வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போயிருந்தது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பில், 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன.

ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு வசதி செய்யக் கெடு, செய்யாவிட்டால் மூடல், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிட ஒரு ஆணையம், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு என்று உத்தரவுகள் வந்தன. 2001-ல் ஆணையம் 29,193 பேருக்கு சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று முடிவு செய்தது. பிரிச்சுப் பாத்தா தலைக்குப் பத்தாயிரம்கூட வராது. ஒரு கிணறு வெட்ட ஆகுமா அது? அதோட விஷயம் முடியவுமில்ல. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதே வேலூர் மாவட்ட டேனரிகளைப் பற்றி உத்தரவு போட வேண்டியிருந்தது: இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும்.

சின்னப் பட்டறைக்காரன் நிலைமை

இங்கதான் நான் கொஞ்சம் நிதானமாப் பேசணும்னு நினைக்கிறேன். விவசாயி பக்கம் நின்னு 'எல்லா டேனரியையும் மூடு'ன்னு சொல்றது சுலபம். ஆனா டேனரின்னா பெரிய ஏற்றுமதி கம்பெனி மட்டும் இல்ல. பத்து இருபது ஆளை வெச்சுக்கிட்டு, சொந்தமாத் தோல் வாங்கப் பணம் இல்லாம, அடுத்தவங்க தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுக்கிற பட்டறைகள் ஏராளம். அவங்ககிட்ட சோதனைக் கூடம் இல்ல, நிபுணர் இல்ல. தனியா சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சொன்னா, பட்டறையை வித்தாக்கூட முடியாது.

அதுக்குத்தான் பொது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துல டேனரிக்காரங்க பங்கு போட்டு, அரசு மானியத்தோட கட்டினாங்க. மானியம் தர்றோம்னு மத்திய அரசு தீர்ப்புக்கு முன்னாடியே சொல்லியிருந்தும், பெரும்பாலானவங்க கட்ட முன்வரலைன்னு அந்தத் தீர்ப்பே சொல்லுது. ஆக, கையில காசு கொடுத்தா மட்டும் வேலை நடக்காது. நீதிமன்றக் கெடு வந்தப்புறம்தான் நடந்தது. அதே சமயம் கெடுவும் அபராதமும் மட்டும் போதுமான்னா, அதுவும் இல்ல. வழி சொல்லிக் கொடுக்க ஆள் வேணும்.

வழி சொன்னதுல பெரிய பங்கு அடையாறு நிறுவனத்துக்கும், 1990-களில் இங்கே வேலை செய்த ஐ.நா. தொழில் வளர்ச்சி நிறுவனத்தின் திட்டத்துக்கும் உண்டு. அவங்க காட்டினதுல பல விஷயம் ராக்கெட் வித்தை இல்ல.

முதல் விஷயம், உப்பைத் தட்டுறது. தோலை ஊறப்போடறதுக்கு முன்னாடி ஒரு மரச் சட்டத்துலயோ துளை போட்ட டிரம்லயோ போட்டு உதறினா, ஒட்டாத உப்பு காஞ்ச நிலையிலயே கொட்டிடும். தண்ணியில கரையாத உப்பைக் கையால கூட்டி அள்ளலாம். கரைஞ்சுட்டா கோடி ரூபாய் இயந்திரம் வேணும்.

இரண்டாவது, குரோம் தண்ணியை மத்தக் கழிவோட கலக்க விடாம தனியாப் பிடிக்கிறது. அதுல மெக்னீசியம் ஆக்சைடு போட்டா குரோமியம் சேறு மாதிரி படியும். அதைக் கந்தக அமிலத்துல கரைச்சா மறுபடி பதனிட உதவும். வாங்குற குரோமியச் செலவும் குறையும்.

மூன்றாவது, முடி நீக்க சல்பைடைக் குறைச்சு என்சைம் சேர்க்கிறது. சுண்ணாம்புத் தண்ணியை ஒரே தடவையில கொட்டாம மறுபடி பயன்படுத்துறது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புற தண்ணி குறைஞ்சா செலவும் குறையும்கறதால இதுல பட்டறைக்காரனுக்கும் லாபம்.

தீராத பாக்கி

இதெல்லாம் இருந்தும் கதை சுபம் ஆகல. பிறகு வந்த விதிப்படி, ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளிய விடக்கூடாது. சவ்வு வழியா வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வெச்சு ஆவியாக்கணும். தண்ணி திரும்பக் கிடைக்குது, சரி. மின்சாரமும் விறகும் அந்தச் செலவும் சின்னவன் தலையிலதான் விடியுது. கடைசியில மிஞ்சுறது கலப்பு உப்பு. யாரும் வாங்க மாட்டாங்க. மூட்டை கட்டிக் கொட்டகையில அடுக்கி வெக்கிறாங்க. உப்பு மறையல, இடம் மாறி உக்காந்திருக்கு.

2015 ஜனவரி 31 விடியலில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையின் பொது நிலையத்தில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பொது நிலையம் கட்டறது பாதி வேலை. அதைத் தினமும் பராமரிக்கிறதும், யாராவது தினமும் மேற்பார்வை பாக்கிறதும்தான் மீதிப் பாதி. ஏரியைப் பொதுவுல விட்டா என்ன ஆகும்னு நம்ம கிராமத்தானுக்குத் தெரியாததா?

பட்டைப் பதனிடலுக்குத் திரும்பிட்டா எல்லாம் சரியாகிடும்னு சிலர் சொல்றாங்க. நம்ம பக்கத்துலயே 1978-ல் ஆரோவில்லில் சின்னப் பட்டறையாகத் திலீப் கபூர் தொடங்கிய ஹைடிசைன், பட்டையில் பதனிட்ட தோலை வெச்சுத்தான் உலகச் சந்தையில பேர் வாங்கிச்சு. அது சாதிக்கக்கூடியதுங்கறதுக்கு அத்தாட்சி. ஆனா பட்டைச் சாறுக் கழிவும் குளத்துல விழுந்தா மீன் பிழைக்காது. அதுக்கும் தோல் உப்புப் போட்டுத்தான் வரும். குரோமியம் இல்லைங்கறதுக்காக உப்பு இல்லைன்னு ஆகாது.

என் பார்வையில முப்பது வருஷத்துப் பாடம் இதுதான். உதவி, குழாயோட கடைசியில இருந்து ஆரம்பிக்கக் கூடாது. தோல் உரிக்கிற இடத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். ஆட்டுத்தொட்டியிலேர்ந்து டேனரிக்குக் குளிரூட்டின வண்டியில சீக்கிரம் தோலைக் கொண்டுபோக வழி பண்ணினா, அவ்வளவு உப்பே தேவையில்ல. தனித்தனிப் பட்டறை அதைச் செய்ய முடியாது. கூட்டுறவா, அரசோ சங்கமோ நடுவுல நின்னாதான் முடியும். உப்பு தட்டுற டிரம் வாங்க மானியம் கொடுத்தா, ஆவியாக்குற இயந்திரத்துக்குக் கொட்டுற பணத்துல ஒரு பங்கு மிச்சமாகும். பெரிய பிராண்டுகளும் சான்றிதழ் மட்டும் கேட்டா ஆகாது. அதுக்கான விலையையும் பதனிடற கூலியில ஏத்திக் கொடுக்கணும்.

பட்டணத்து நண்பர்களே, புதுச்சேரி வர்றப்போ நேரு வீதியில, மிஷன் வீதியில தோல் பை வாங்குவீங்க. வாங்குங்க, வேணாம்னு சொல்லல. அந்தப் பையைத் தெச்சவங்க கை பொய்யில்ல. விலையைப் பேசறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "இந்தத் தோலை எந்த ஊர்ல பதனிட்டாங்க, அங்க உப்பை என்ன பண்றாங்க?" கடைக்காரருக்குப் பதில் தெரியாமப் போகலாம். பத்துப் பேர் கேட்டா, அவர் தோல் கொடுக்கிறவரைக் கேப்பார். அவர் டேனரிக்காரரைக் கேப்பார். பாலாத்தங்கரை விவசாயி கோர்ட்டுல முப்பது வருஷமாக் கேக்கற கேள்வியும் அதுதான்.