பிள்ளை மடுவத்துக் கஞ்சி: மலையகத் தோட்டங்களில் குழந்தை உணவு விதிகளின் நூறாண்டு

தோட்டத்துப் பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றி இலங்கையில் எழுதப்பட்ட பழைய விதிகளில் ஒன்று, தொழிலாளரை வேலைக்குத் தகுதியாக வைத்திருக்க வந்த சட்டத்துக்குள் இருக்கிறது. 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் துரையின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். நோயாளரைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் பிள்ளை பெறும் பெண்ணுக்கு முப்பது நாள் உணவும் இருப்பிடமும் கொடுத்து, அந்த நாட்களில் அவளை வேலைக்கு இறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தகுந்த பராமரிப்பும் போசாக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். போசாக்கு என்றால் எது, எத்தனை வேளை, எவ்வளவு பால் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது துரையின் மனச்சாட்சிக்கும் தோட்டத்துச் செலவுக் கணக்குக்கும் விடப்பட்ட விஷயம்.

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை எனப் பரந்து கிடக்கும் தேயிலை மலைகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பகலில் என்ன கொடுக்கப்பட்டது, அதை எந்த விதி தீர்மானித்தது, அந்த விதி எப்போதெல்லாம் மாறியது என்பதை இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது. என் வாதம் ஒன்றுதான்: இந்த விதிகள் பெரும்பாலும் தாயின் வேலைநாளை ஒழுங்குபடுத்த எழுதப்பட்டவை. பிள்ளையின் தட்டு அவற்றின் ஓரத்தில்தான் இருந்தது. விதிகள் திருந்தத் திருந்தத் தட்டு கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்தது. இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

அரிசியிலிருந்து தொடங்குவோம். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் விதித்தது. அது நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் நாட்சம்பளம். தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலை புசலுக்கு ரூபாய் 6.40க்கு மேல் போகக் கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டின் பகுதி. அதோடு, வேலை செய்யாத பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கும் விதவைகளுக்கும் மாதம் அரைக்கால் புசல் அரிசி இலவசமாகக் கொடுக்கும் முறையும் இருந்தது.

அந்த அரைக்கால் புசலைக் கொஞ்சம் அளந்து பார்க்கலாம். முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல்; ஆகவே அரைக்கால் புசல் நான்கு கொத்து. இன்றைய நிறையில் மூன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். இரண்டு பிள்ளைகளுக்கு முப்பது நாளுக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 60 கிராம் அரிசி, ஏறத்தாழ 210 கலோரி. அதிலும் அந்த அரிசி பிள்ளைக்கென்று தனியாக உலையில் ஏறியிருக்காது. மொத்தப் பானையில்தான் விழுந்திருக்கும். குடும்பத்துக்குப் பயனில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் குழந்தை உணவு விதியாக இதைப் படிக்கிறவர் ஏமாந்து போவார். பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தகப்பனுக்கோ தாய்க்கோ கொடுத்த படி அது. 32 சதத்துக்கு வேலைக்குப் போகிற வயது வந்ததும் அதே பிள்ளை சம்பளப் பட்டியலுக்கு மாறிவிடும்.

பிள்ளைக் காம்பரா என்ற தோட்டத்துக் குழந்தைக் காப்பகம் வந்த காரணமும் இதே வேலைக் கணக்குத்தான். தேயிலையில் கொழுந்து எடுப்பது பெண்களின் வேலை. காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய் மலையேறினால், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகே திரும்ப முடியும். நிறை குறைந்தால் முழுப் பேர் (முழு நாட்சம்பளம்) விழாது, அரைப் பேர்தான். கைக்குழந்தையைக் கூடையோடு கட்டிக்கொண்டு மலையேற முடியாது. லயத்தில் விட்டால் பார்த்துக்கொள்ள ஏழு வயது அக்காதான் இருப்பாள். ஆகவே தொழிலுக்குப் போக முடியாத ஒரு வயதான பெண்ணை ஆயம்மாவாக அமர்த்தி, ஒரு தகரக் கொட்டகையில் தொட்டில் கட்டிப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்தார்கள். பிள்ளை மடுவம் என்ற பெயர் அதற்குப் பொருத்தமானது. கொழுந்து மடுவத்தில் கொழுந்து வைப்பது போல, பிள்ளை மடுவத்தில் பிள்ளைகள். சாப்பாடு பெரும்பாலும் தாய் விடியற்காலையில் கட்டிக் கொடுத்ததுதான்: ரொட்டி, மிஞ்சிய சோறு, போத்தலில் சாயத் தண்ணி. சில தோட்டங்கள் மதியத்தில் சமைத்த சோறு கொடுத்ததும் உண்டு. அது துரையைப் பொறுத்தது; அடுத்த தோட்டத்தில் இருக்காது.

1939இல் வந்த 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தாயின் உரிமையைத் தெளிவாக்கியது. அதில் பிற்காலத்தில் சேர்ந்த ஒரு பிரிவு இந்த ஆய்வுக்கு மிக முக்கியம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். தொழில் தருபவர் பிள்ளைக் காப்பகம் வைத்திருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம். வைத்திருக்கவில்லை என்றால் ஒரு மணி நேரம். காப்பகம் இருக்கும் தோட்டத்துக்கு ஒரு தாயிடம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மிச்சம். காப்பகத்தின் பயன் சட்டத்திலேயே நிமிடக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. ஹட்டன் பக்கத்து மலைகளில் இறக்கத்திலிருந்து காப்பகத்துக்கு ஏறிவரவே அரை மணி நேரம் போய்விடும் என்பது கொழும்பில் சட்டம் வரைந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

1948இல் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை பறிக்கப்பட்ட பிறகு, நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு அரசு செய்த பலவற்றுக்கும் தோட்டத்துப் பிள்ளை வெளியே நின்றது. தோட்டப் பாடசாலைகள் அரசிடம் வர 1970களின் பிற்பகுதி ஆயிற்று. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களில். இடையில் வந்தது 1973, 74ஆம் ஆண்டுப் பஞ்சம். கூப்பன் அரிசி வெட்டப்பட்டது, கோதுமை மாவின் விலை ஏறியது. சொந்தமாக ஒரு மரவள்ளி நட நிலமில்லாத லயத்து மக்கள் பட்டினியில் செத்தார்கள். தோட்டத்துச் சிசு மரணம் நாட்டின் சராசரியை விட்டு வெகுதூரம் மேலே போனது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிள்ளைக்கு உணவு கொடுக்கும் கடமை துரையின் தலையில்தான் இருந்தது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். பஞ்சம் வந்தபோது அந்தக் கடமையைக் கேட்டு வாங்க ஆளில்லை.

அதே 1973இல்தான் அமெரிக்காவின் உதவியோடு கெயார் நிறுவனம் திரிபோஷா என்ற சத்துமாத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் மா வெளிநாட்டிலிருந்து வந்தது. பின்னர் சோளமும் சோயாவும் சேர்த்து இங்கேயே தயாரானது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், நிறை குறைந்த பிள்ளைகள் என்று பெறுவோர் வரையறுக்கப்பட்டார்கள். தோட்டத்து உணவு வரலாற்றில் இதை ஒரு முறிவாகவே நான் பார்க்கிறேன். தகப்பனின் படியாக இல்லாமல், பிள்ளையைத் தராசில் நிறுத்து, அந்த நிறையைப் பார்த்துக் கொடுக்கும் உணவு இது. நடைமுறையில் 750 கிராம் பைக்கற் வீட்டுக்கு வந்ததும் மற்றப் பிள்ளைகளுக்கும் உருண்டை பிடித்துக் கொடுபடும். எந்தத் தாயும் ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்து மற்றதைப் பார்க்க வைக்க மாட்டாள். அதை முறைகேடு என்று எழுதும் அறிக்கைகளைப் படிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

1972, 75ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, ஜனவசம என்ற அரச தோட்டச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நிர்வாகத்துக்கு வந்தன. 1980களில் நெதர்லாந்து, நோர்வே அரசுகளின் உதவியில் நடந்த சமூக நலத் திட்டங்கள் தகரக் கொட்டகைகளை மாற்றின. சீமெந்துத் தரை, தண்ணீர்க் குழாய், மலசலகூடம், சமையலறை, ஜன்னல். ஆயம்மாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற இளம்பெண்கள் வந்தார்கள். 1992இல் நிர்வாகம் தனியார் பிராந்தியக் கம்பனிகளிடம் போனபோது நலன்புரி வேலைகளை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக 1993இல் அமைந்த நிதியமே 2002இல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமாயிற்று. கம்பனிகள், அரசு, தொழிற்சங்கங்கள் மூன்றும் அதில் இருக்கின்றன. பிள்ளைக் காம்பரா காகிதத்தில் சிறுவர் அபிவிருத்தி நிலையமானது. சுவரில் பாட்டுப் படங்கள், நிறை பார்க்கும் தராசு, மாதாந்தப் பதிவு எல்லாம் வந்தன. சமையலறை இருந்தும் அடுப்பு எரிவது தோட்டத்துக்குத் தோட்டம் மாறியது. பத்து மணிக்கு இலைக்கஞ்சியோ அவித்த கடலையோ கொடுக்கும் நிலையங்கள் உண்டு. தாய் கொண்டுவரும் பையையே நம்பியிருக்கும் நிலையங்களும் உண்டு.

அந்தப் பையில் என்ன இருக்கிறது என்பதில்தான் புள்ளிவிவரத்தின் முடிச்சு இருக்கிறது. 2006-07 மக்கள்தொகை சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் 40 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 2016இல் அது 31.7 வீதமாகக் குறைந்தது. நாட்டின் சராசரி அப்போது 17.3. நுவரெலியா மாவட்டம் நாட்டிலேயே மோசமான நிலையில் இருந்தது. ஆனால் உயரத்துக்கேற்ற நிறையில்லாத மெலிவைப் பார்த்தால், தோட்டப்புறம் தேசிய சராசரியை விட மோசமில்லை. வயிறு நிரம்புகிறது, எலும்பு வளரவில்லை. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் வயிற்றை நிரப்பும். முட்டை, நெத்தலி, பருப்பு, கீரை இல்லாத தட்டு பிள்ளையை உயர்த்தாது. ரொட்டியோடு குடிக்கும் சாயத் தண்ணி, இருக்கிற கொஞ்ச இரும்புச்சத்தையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும். தேயிலை விளையும் ஊரில் இதைச் சொல்லப் பலருக்கும் மனம் வருவதில்லை. உணவு மட்டுமே காரணமுமில்லை. கருவிலேயே நிறை குறைந்து பிறப்பதும், குளிரும், நெருக்கமான லயமும், ஓயாத வயிற்றோட்டமும் சேர்ந்தே இந்த உயரத்தைத் தீர்மானிக்கின்றன. ஆனால் பகல் எட்டு மணி நேரம் நிறுவனம் ஒன்றின் கையில் இருக்கும் பிள்ளைக்கு உணவே எளிதில் மாற்றக்கூடியது.

மற்ற நாடுகளில் இந்த விதி எப்படித் திருத்தப்படுகிறது என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். அமெரிக்காவில் குழந்தைக் காப்பகங்களுக்கான அரச உதவி உணவுத் திட்டம் 2016இல் திருத்தப்பட்டு, 2017 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு ஒரு முறையாவது முழுத் தானியம், பழரசம் ஒரு முறைக்கு மேல் கூடாது, காப்பகத்தில் எண்ணெயில் பொரிக்கக் கூடாது, ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு வேறு, அதற்கு மேல் வேறு என்று அது தட்டுக்குள்ளேயே இறங்கிப் பேசுகிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் மூதாதையர் கிளம்பி வந்த தமிழகத்தில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 1989இல் முட்டையைச் சேர்த்துக்கொண்டது. இந்திய அங்கன்வாடிகளில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று 2009இல் அளவு உயர்த்தப்பட்டது. அங்கே கடமை அரசுடையது, பிள்ளை ஊருடையது. இங்கே பிள்ளை தோட்டத்துடையது. ஆகவே ஒவ்வொரு விதியும் கம்பனி கொடுக்குமா, அரசு கொடுக்குமா என்ற இழுபறியில் கால்வாசி உயிரை விட்டுவிடுகிறது.

2015இல் உலக வங்கியின் 5 கோடி டொலர் முன்பிள்ளைப்பருவத் திட்டம் தோட்டத்து நிலையங்களையும் உள்ளடக்கியது. புதிய கட்டடங்கள் எழுந்தன. பிறகு 2022. அந்தப் பொருளாதார நெருக்கடி ஆண்டின் தொடக்கத்தில் தோட்டக் குடும்பங்களுக்கென்று அரசு அறிவித்த நிவாரணம், கிலோ 80 ரூபாய் வீதம் மாதம் 15 கிலோ கோதுமை மா. 1920களின் அரைக்கால் புசலுக்கும் இதற்கும் இடையில் ஏறத்தாழ நூறு ஆண்டு ஓடியிருக்கிறது; தானியம்தான் மாறியது. அதே ஆண்டில் உள்நாட்டுச் சோளம் கிடைக்காமலும், அஃப்லாடொக்சின் நச்சுக்கு விதித்த கடும் வரம்பாலும் மூன்று வயதுக்குட்பட்டோருக்கான திரிபோஷா தடைப்பட்டது.

முன்பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவுக்கு அரசு கொடுத்துவந்த 60 ரூபாயை 100 ரூபாயாக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. நூறு ரூபாய்க்குள் ஒரு முட்டையும் கொஞ்சம் சோறும் பருப்பும் வைக்க முடியும் என்பதால் இது அற்பமான மாற்றமில்லை. ஆனால் அது முன்பள்ளி வயதுக்கு, அதாவது மூன்று வயதிலிருந்து. தோட்டத்து நிலையத்தில் ஒரே கூரையின் கீழ் ஆறு மாதப் பிள்ளையும் நாலரை வயதுப் பிள்ளையும் இருக்கிறார்கள். உயரம் குன்றுவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் நடந்து முடிந்துவிடுகிறது. அந்த வயதுப் பிள்ளைக்குப் பத்து மணிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்கிற, அதற்குப் பணமும் ஒதுக்குகிற விதிதான் அடுத்து எழுதப்பட வேண்டியது. அதை எழுதுவது தொழில் அமைச்சா, சுகாதார அமைச்சா, பெருந்தோட்ட நிதியமா என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டியிருக்கிறது. என் எண்ணத்தில் அது சுகாதார அமைச்சின் வேலை. மாதந்தோறும் அந்தப் பிள்ளையைத் தராசில் நிறுத்துகிற குடும்பநல மாது அந்த அமைச்சின் ஊழியர்.