எந்திரம் மாறினால் கவிதை என்னாகும்?

ஏடுகளைக் கறையான் அரித்தது, ஆடிப்பெருக்குக் கொண்டுபோயிற்று என்று வருந்திப் பழகியவர்கள் நாம். ஏடு பழுதின்றி இருக்க, அதைப் படிக்கும் கருவி மட்டும் மறைந்துபோவது கணிப்பொறிக் காலத்தின் புதுத் துயரம்.

1992இல் நாவலாசிரியர் வில்லியம் கிப்சன் 'அக்ரிப்பா' என்னும் கவிதையை மெக்கின்டாஷ் கணிப்பொறிக்குரிய நெகிழ்வட்டில் வெளியிட்டார். தந்தையின் பழைய புகைப்படத் தொகுப்பைப் புரட்டிப் பார்க்கும் கவிதை. ஏறத்தாழ 300 அடிகள். ஒருமுறை திரையில் ஓடி முடிந்ததும் தன்னைத்தானே மறைகுறிகளாக மாற்றிக்கொள்ளும்படி அதன் நிரல் அமைக்கப்பட்டிருந்தது.

கவிஞர் வேண்டிய மறதி அது. வேண்டாத மறதி ஒன்றும் காத்திருந்தது. அந்நிரல் மோட்டோரோலா 68000 வரிசைச் செயலிக்குரிய கட்டளைகளால் ஆனது. 1994இல் ஆப்பிள் நிறுவனம் பவர்பிசி செயலிக்கு மாறியது. ஒன்றன் கட்டளை மற்றதற்கு வெற்றொலி. ஆகவே பழைய கட்டளை ஒவ்வொன்றையும் படித்து, அதன் வேலையைப் புதிய கட்டளைகளால் செய்து முடிக்கும் 'எமுலேட்டர்' என்னும் நிரலைப் பொறியினுள்ளேயே பதித்து வைத்தனர். பதவுரைகாரரின் பணிதான் இது. வேகம் குறையும், பொருள் கெடாது. அன்றைய இயக்கமுறைமையின் பெரும்பகுதியே இந்த உரையின் துணையால்தான் ஓடிற்று என்பது வியப்பு.

2006இல் இன்டெல் செயலி வந்தது. இம்முறை உரையன்று, மொழிபெயர்ப்பு. பவர்பிசி நிரலை ஓடும்போதே பகுதி பகுதியாகப் பெயர்த்து வைத்துக்கொண்டு, மீண்டும் வேண்டுங்கால் அதையே எடுத்தாளும் முறை. மும்மை எழுத்துக் கல்வெட்டின் நினைவாக 'ரொசெட்டா' என்று பெயரிட்டனர். கல்லுக்கு ஈராயிரம் ஆண்டு கடந்தது. இதற்கோ 2011 வரைதான் ஆயுள். 68000 காலத்து நிரல்களுக்கு இன்டெல் பொறிகளில் நிறுவனம் தொடக்கத்திலேயே இடமளிக்கவில்லை. வாங்குவோர் புதியதற்குப் பழகும்வரை போதும் என்பது வணிகரின் கணக்கு. அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் இலக்கியத்தை அக்கணக்கில் விட்டுவைக்க இயலாது.

2008இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் மாத்யூ கிர்ஷென்பாமும் டக் ரீசைடும் பழைய வட்டொன்றின் முழு நகலை எடுத்து, எமுலேட்டரில் 'அக்ரிப்பா'வை ஓடவிட்டனர். கவிதையின் வரிகள் 1992லேயே வெளியே கசிந்துவிட்டவை. மீண்டு வந்தது, அவை திரையில் மேலேறி மறையும் நடை. ஒரு நகல் தன்னை அழித்துக்கொண்டாலும் மற்றொரு நகல் இருந்தது. கவிஞரின் நோக்கத்தை மீறிய செயல் என்று இதைக் குறை கூறலாம். என் மனம் பதிப்பாசிரியர் பக்கமே சாய்கிறது.